பாலம் கடப்பதற்கு மட்டுமோ?

கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருக என மலர்க் குழுவினர் பணித்தபோது, பழைய ஆசிரியர்களின் பெருமைகளையும் துடுப்பாட்ட வெற்றிகளையும் எழுதுவோர் பலர் உளர் என எண்ணி, யான் பாலங்களைப் பற்றி எழுதத் துணிந்தேன். மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாறு ஒன்றைத் தவிர வேறு ஆறில்லாத யாழ்ப்பாணத்திற் பிறந்தவனுக்குப் பாலத்தைப் பற்றிப் பேச என்ன உரிமை என்று நண்பர் சிலர் நகைக்கக்கூடும். அவ்வுரிமையை எனக்குத் தந்ததும் இக்கல்லூரியே.

எழுபதுகளின் நடுப்பகுதியில், மேல்வகுப்பு மாணவராயிருந்த எம்மை ஆசிரியர் ஒருவர் மட்டக்களப்புக்குச் சுற்றுலா அழைத்துச் சென்றார். அன்று பூரணை. இராச் சாப்பாடு முடிந்ததும் எம்மைக் கல்லடிப் பாலத்துக்கு நடத்திச் சென்று, பாடுமீன்களின் ஒலியைக் கேட்குமாறு கூறினார். பாலத்தின் நடுவில், இரும்புச் சட்டங்களினூடாக நிலவு விழுந்த வாவியைப் பார்த்தபடி, மூச்சையும் அடக்கிக்கொண்டு நின்றோம். ஏதோ ஒரு மெல்லிய ஒலி கேட்பதுபோலத் தோன்றிய அவ்வேளையில் லொறி ஒன்று பாலத்தில் ஏறியது. பாலமோ ஒடுக்கம். ஒதுங்க இடமின்றி நாமெல்லோரும் கம்பியோடு கம்பியாக ஒட்டிக்கொண்டோம். லொறிச் சாரதி தலையை வெளியே நீட்டி, “தம்பிமார், இது நிக்கிற இடமில்லை, பாலம்!” என்று உரத்துச் சொல்லிப் போனார்.

அவர் எம்மீதுள்ள கரிசனையாற் சொன்னார், அவரிற் குற்றமில்லை. ஆனால் அச்சொற்கள் இத்தனை ஆண்டுகளாகியும் என் செவியை விட்டு அகலவில்லை. பாலம் நிற்கும் இடமன்று என்பது அச்சாரதி ஒருவரின் கருத்து மட்டுமன்று. நம் நாட்டிற் பாலங்களைத் திட்டமிடுவோர், கட்டுவோர், திறந்து வைப்போர் ஆகிய எல்லோருடைய கருத்தும் பெரும்பாலும் அதுவே. அக்கருத்துப் பிழையானது என்பதை எடுத்துக்காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு காலத்திற் பாலங்கள் கடக்கும் வழியாக மட்டுமன்றி மக்கள் கூடும் இடமாகவும் இருந்தன. 1209 ஆம் ஆண்டில் முற்றுப்பெற்ற பழைய இலண்டன் பாலத்தின்மீது வீடுகளும் கடைகளும் சிற்றாலயம் ஒன்றும் நின்றன. ஆயின் அங்கே இருப்பவர் கடப்பவரை நெருக்கிவிட்டனர். இருமருங்கும் வீடுகள் பெருகி நடுவழி ஒடுங்கியது; வண்டிகள் ஒன்றையொன்று மறித்து நின்றன. பாலத்திற் செல்வோர் இடப்பக்கமாகவே செல்லவேண்டும் என்று 1722 இல் நகரத் தலைவர் ஆணையிட நேர்ந்தது. அதுவும் போதாமையால், 1758 தொடக்கம் சில ஆண்டுகளுள் வீடுகள் யாவும் அகற்றப்பட்டன. பாலத்தில் வாழ்வு வேண்டும் என்பார் இக்கதையை மறத்தலாகாது.

பாரிஸ் நகரத்தார் நல்லதோர் இடைவழியைக் கண்டனர். 1607 இல் நான்காம் ஹென்றி மன்னன் காலத்தில் முடிந்த ‘புதுப்பாலம்’ இன்று அந்நகரிலுள்ள பாலங்களுள் மிகப் பழையது என்பது வேடிக்கையே. அதன்மீது வீடுகள் கட்டப்படவில்லை. நடப்போருக்கென இருமருங்கும் உயர்ந்த நடைபாதை அமைத்தனர். பாலத்தைத் தாங்கும் தூண்களுக்கு மேலாக, ஆற்றை நோக்கிப் பிதுங்கிய அரைவட்ட மாடங்களையும் வைத்தனர். நடப்பவன் நடக்கலாம், நிற்க விரும்புபவன் அம்மாடத்தில் ஒதுங்கி நிற்கலாம், ஒருவன் மற்றவனுக்கு இடையூறாகான். பாட்டுக்காரரும், பழம் புத்தகம் விற்போரும், பல் பிடுங்குவோருங்கூட அப்பாலத்திற் கூடினர் என்று வரலாறு கூறும். ஒரு சிறு மாடம் இத்துணை மாற்றத்தைச் செய்தது.

எனினும், பாலம் என்ற கலையின் உச்சியைக் காணவேண்டுமாயின் பாரசீகத்து இஸ்பஹான் நகருக்கே செல்லல் வேண்டும். அங்கே ஸாயந்தே ரூத் என்னும் ஆற்றின்மீது இரு பாலங்கள் பெயர்பெற்றவை. ஒன்று, முதலாம் ஷா அப்பாஸ் மன்னனின் தளபதியான அல்லாவெர்திகான், பதினேழாம் நூற்றாண்டு பிறக்கும் தறுவாயிற் கட்டுவித்த முப்பத்துமூன்று வளைவுப் பாலம். மற்றது, இரண்டாம் ஷா அப்பாஸ் 1650 ஆம் ஆண்டளவிற் கட்டுவித்த காஜுப் பாலம். இக்காஜுப் பாலத்தின் நீளம் ஏறத்தாழ 130 மீற்றர்தான். ஆனால் அது ஒரே வேளையிற் பல தொழில்களைச் செய்வது. வண்டியும் மனிதரும் அதன்மேற் செல்வர். அதன் வளைவுகளிலுள்ள மதகுகளை அடைத்தால் மேற்புறத்தில் நீர் உயர்ந்து, கரையோரத் தோட்டங்களுக்குப் பாயும். ஆதலின் அஃது அணையுமாகும். நடுவே மன்னனும் சுற்றத்தாரும் அமர்ந்து ஆற்றைப் பார்ப்பதற்கென ஒரு மண்டபம் உண்டு. கீழ்ப்புறத்தில் நீர்வரை இறங்கும் கற்படிகள் உண்டு. மன்னர் போயினர், படிகள் நிற்கின்றன. மாலை வேளைகளில் அந்நகரத்து மக்கள் அப்படிகளில் அமர்வர். வளைவுகளின் கீழ் நின்று முதியவர்கள் பாட, கல் வளைவு அவ்வோசையை வாங்கித் திருப்பிக் கொடுக்கும்.

இங்கே கவனிக்கத்தக்கது யாதெனின், அப்பாலத்தை ‘அழகுபடுத்தியவர்’ எவருமிலர் என்பதே. நிழல் தரும் வளைவு, இருக்கத்தகும் படி, தொடத்தகும் நீர் ஆகிய மூன்றும் பாலத்தின் வேலையோடு வேலையாகவே அமைந்தன. அண்மைக் காலத்தில் வறட்சியாலும் மேற்புறத்தில் நீர் திருப்பப்படுவதாலும் அவ்வாறு ஆண்டிற் பல மாதங்கள் வறண்டு கிடக்கின்றது. நீர் திறந்துவிடப்படும் நாளில் நகரமே திரண்டு பாலத்துக்கு வருகின்றது. நீரில்லாத பாலம் வெறுங்கல் என்பதை அம்மக்கள் அறிவர். பாலத்தைக் காக்க விரும்புபவன் முதலில் ஆற்றைக் காக்கவேண்டும் என்பதும் இதனாற் பெறப்படும்.

இவையெல்லாம் அயல்நாட்டுக் கதைகள். நமக்கு இவ்வெண்ணம் புதிது என்று எவரேனும் கூறுவாராயின், அவர் பருத்தித்துறைக்குச் சென்று, தும்பளை வீதியிலுள்ள தெருமூடிமடத்தைக் காண்பாராக. வீதியின் இருமருங்கும் கல்லாலான திண்ணைகள், அவற்றின்மேற் கற்றூண்கள், தூண்களின்மேல் வீதியையே மூடிநிற்கும் கூரை. நடுவே வண்டிகள் சென்றுகொண்டேயிருக்கும். அருகே வழிப்போக்கர் இருந்து இளைப்பாறுவர். பாரசீக மன்னன் நீரின்மேற் செய்ததை நம் முன்னோர் நிலத்தின்மேற் செய்தனர். வழி என்றால் அதிற் செல்வோனுக்கு நிழலும் இருக்கையும் உண்டு என்பது அவர்கள் கொள்கை. சுமைதாங்கியும் ஆவுரோஞ்சிக் கல்லும் தண்ணீர்ப் பந்தலும் அக்கொள்கையிற் பிறந்தவையே. பசுவுக்குங்கூட உடல் உரோஞ்ச வழியோரத்திற் கல் நாட்டிய சமூகம், பாலத்தின் நடுவில் நின்று நீரைப் பார்க்கும் மனிதனுக்கு ஒரு முழ இடம் விடாமற் போனது எவ்வாறு?

மோட்டார் வாகனம் வந்ததன் பின்னர்ப் பாலத்தை அளக்கும் கோல் மாறிவிட்டமையே காரணம் என்பது என் எண்ணம். எத்தனை வாகனம், எத்துணை விரைவு என்பனவே கணக்கு. நடப்போருக்கு ஓரத்தில் ஒரு விளிம்பு. அதிலும் விளக்குக் கம்பம் நடுவே. நிழல் கணக்கில் இல்லை. இருக்கை கணக்கில் இல்லை. கணக்கில் இல்லாதது கட்டப்படுவதுமில்லை. பள்ளிக்கூடப் பிள்ளையும், கூடை சுமக்கும் பெண்ணும், மாலையிற் காற்றுவாங்க வரும் முதியவரும் அவ்விளிம்பில் வெயிலோடும் புகையோடும் போராடிக் கடக்கின்றனர். ஆயினும் மக்கள் விட்டபாடில்லை. யாழ்ப்பாணத்திற் பண்ணைப் பக்கத்துக்கு மாலையிற் சென்று பாருங்கள். எவரும் அழைக்காமலே அங்கே கூட்டம் சேர்கின்றது. நீரும் காற்றும் அகன்ற வானமும் உள்ள இடத்தை மக்கள் தாமாகவே தேடிக் கண்டுகொள்வர். அதை நாம் உண்டாக்கவேண்டியதில்லை, தடுக்காதிருந்தாற் போதும்.

நிற்க, பழைய பாலங்களை மக்களுக்கு மீட்டுக் கொடுக்கும் முயற்சிகள் இந்நூற்றாண்டிற் பல நாடுகளில் நடந்துள்ளன. அவற்றின் வெற்றியும் தோல்வியும் நமக்குப் பாடமாகும். தென்கொரியத் தலைநகராகிய சியோலிற் புகையிரத நிலையத்துக்கருகே 1970 இற் கட்டப்பட்ட மேம்பாலம் ஒன்று, நாளடைவில் நலிந்து வாகனங்களுக்கு ஆகாதெனக் கணிக்கப்பட்டது. அதை இடித்தெறியாமல், ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் நீளமான நடைவழியாக மாற்றி, 24,000 செடிகளையும் மரங்களையும் தொட்டிகளில் நட்டு, 2017 இற் திறந்தனர். முடமான பாலத்துக்கு மறுபிறப்புக் கொடுத்தமை போற்றத்தக்கது. எனினும், கோடையிற் கொங்கிறீற்றுத் தளம் சுடுகின்றது, நிழல் போதாது என்ற குறை உடனேயே எழுந்தது. தொட்டியில் வைத்த கன்று நிழல் தர ஆண்டுகள் செல்லும். வெயில் அதுவரை காத்திராது.

இலண்டனில் நிகழ்ந்தது வேறு. தேம்ஸ் நதியின்மேல் மரங்கள் செழித்த ‘தோட்டப் பாலம்’ ஒன்றைக் கட்டுவதற்கு ஒரு திட்டம் எழுந்தது. படங்கள் கண்ணைப் பறித்தன. ஆயின் அவ்விடத்தில் ஆற்றைக் கடக்க வேறு பாலங்கள் அருகிலேயே இருந்தன. புதிய பாலத்திலோ துவிச்சக்கர வண்டியிற் செல்லலாகாது. இரவில் அது மூடப்படும். ஆண்டிற் சில நாட்கள் தனியார் விருந்துகளுக்கு ஒதுக்கப்படும். ஈற்றில் 2017 இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. கட்டட வேலை தொடங்காமலே 5 கோடியே 30 இலட்சம் பவுண் செலவாயிற்று. அதில் 4 கோடியே 30 இலட்சம் பவுண் பொதுமக்களின் பணம். இதிலிருந்து நாம் பெறும் பாடம் தெளிவானது. பாலம் முதலில் வழியாதல் வேண்டும். பின்னரே அஃது இடமாகும். எவருக்கும் வேண்டாத வழியில் எத்துணை மலர் வைத்தாலும் அது கண்காட்சியேயன்றிப் பாலமன்று.

இனி, எதிர்வாதங்களையும் நோக்குவோம். மக்களை நிற்கவிட்டால் அவர்கள் பாலத்தை அழுக்காக்குவர் என்பது ஒன்று. இதிற் பொய்யில்லை. 1943 இற் திறக்கப்பட்ட கல்கத்தா ஹௌராப் பாலத்தில் வெற்றிலை துப்பித் துப்பி, இரும்புத் தாங்கிகளின் அடிப்பாகத்தை மூடிய உலோகக் கவசங்கள் சில ஆண்டுகளில் அரைவாசிக்குத் தேய்ந்துவிட்டன என்று 2011 அளவிற் கண்டனர். அதனால் மக்களை விரட்டிவிடவில்லை. துப்பினாலும் அரியாத வேறு மூடிகளை இட்டனர். அப்பாலத்தினடியில் விடியற்காலையிற் கூடும் பூச்சந்தை இன்றும் கூடுகின்றது. விரட்டுதல் எளிது, பேணுதலே நாகரிகம்.

மற்றைய எதிர்வாதம் இதனினும் பாரமானது. கூட்டம் கூடினாற் பாலம் தாங்குமா என்பது அது. இதனை எவரும் இலேசாக எடுத்தலாகாது. நெருக்கமாக நிற்கும் மனிதர் ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 500 கிலோகிராம் பாரத்தை ஏற்றுவர் எனக் கொண்டே பொறியியலாளர் கணிப்பர். வரிசையாக நிற்கும் மோட்டார்க் கார்களின் பாரத்தினும் அது மிகுதி. குஜராத்திலுள்ள மோர்பி நகரில், நூறாண்டு கடந்த தொங்குபாலம் ஒன்று திருத்தப்பட்டதாகக் கூறி மீளத் திறக்கப்பட்ட சில நாட்களுள், 2022 ஒக்டோபர் 30 ஆந் தேதி கூட்டத்தோடு அறுந்து வீழ்ந்தது. 130 இற்கு மேற்பட்டோர் மாண்டனர். அவருட் குழந்தைகள் பலர். வாகனத்துக்கு ஆகாத பழம்பாலம் மனிதருக்கு ஆகும் என்று எண்ணுதல் பெருந்தவறு. சோதனை முதலில், திறப்புவிழா பின்பு.

இவ்வளவும் கூறியது எதற்காக? மீண்டும் கல்லடிக்கு வருகின்றேன்.

1924 இற் திறக்கப்பட்டு, அந்நாளைய தேசாதிபதியின் துணைவியாரான மனிங் சீமாட்டியின் பெயரைப் பெற்ற அவ்விரும்புப் பாலம், தொண்ணூறு ஆண்டுகளாக மட்டக்களப்பின் சுமை முழுவதையும் தாங்கியது. ஒரு திசை வாகனங்கள் கடக்கும்வரை மறுதிசை வாகனங்கள் காத்துநின்ற காலத்தை அவ்வூரார் மறவார். 2013 மார்ச் மாதத்தில், யப்பானிய உதவியோடு அமைந்த அகன்ற புதிய பாலம் பக்கத்திலேயே திறக்கப்பட்டது. பேருந்துகளும் லொறிகளும் புதிய பாலத்துக்கு மாறின; பழைய பாலம் ஓய்வுபெற்ற ஆசிரியரைப்போல அருகில் நிற்கின்றது. எம்மை அன்று விரட்டிய லொறி இன்று அதில் ஏறாது. இப்பொழுதேனும் அதனை நிற்கும் இடமாக்கலாகாதா?

ஆக்கலாம் என்பதே என் துணிபு. ஆயின் எவ்வாறு ஆக்குவது என்பதில் எனக்கு ஒரு பேரச்சம் உண்டு. ‘உயிரோட்டமுள்ள பொதுவிடம்’ என்று சொன்ன மாத்திரத்தே நம்மவர் மனத்தில் எழுவன வண்ண விளக்குகள், ஒலிபெருக்கி, வரிசையாகச் சிற்றுண்டிக் கடைகள் ஆகியனவே. கல்லடிப் பாலத்துக்கு அவற்றைக் கொண்டுவருதல் அதனைக் கொல்வதாகும். ஏனெனின், அப்பாலத்தின் செல்வம் அதன் மௌனமே. தோணியின் துடுப்பை நீருள் இறக்கி மறுமுனையிற் காதை வைத்துக் கேட்கவேண்டிய அத்துணை மெல்லிய ஒலியைத் தருவது அவ்வாவி. அவ்வொலி மீனுடையது என்பர் சிலர். ஊரியினுடையது என்பர் சிலர். எதுவாயினும், மானிப்பாய் இந்துக் கல்லூரியில் அதிபராயிருந்து பின்னர்த் துறவு பூண்டு, யாழ் நூல் தந்த சுவாமி விபுலாநந்தரின் உள்ளத்தை அவ்வாவியின் இசை ஈர்த்தது. ‘நீரரமகளிர்’ என்று அவர் பாடினார். ஒலிபெருக்கி அலறும் பாலத்திலே நீரரமகளிர் பாடினாற் கேட்பவர் யார்?

ஆதலின் என் வேண்டுகோள் சிறிது. முதலில், தகுதிவாய்ந்த பொறியியலாளர் அப்பாலத்தின் இரும்பைச் சட்டம் சட்டமாகச் சோதித்து, எத்தனைபேர் ஒருங்கே நிற்கலாம் என்று கணித்து, அவ்வெண்ணிக்கையைப் பாலத்தின் இருமுனையிலும் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிவைத்தல் வேண்டும். உப்புக்காற்றுக்கு இரும்பு ஆண்டுதோறும் இரையாகும்; ஆதலின் அச்சோதனை ஆண்டுதோறும் நடைபெறல் வேண்டும். இரண்டாவது, பகல் வெயிலுக்குப் பாரமற்ற கூரையோடு சில நிழலிடங்களும், முதுகு சாய்த்து இருக்கத்தக்க வாங்குகளும் நீரை நோக்கி அமைதல் வேண்டும். மூன்றாவது, விளக்குகள் நடப்போரின் காலடியை மட்டும் காட்டுமாறு தாழ இருத்தல் வேண்டும்; நிலவுக்குப் போட்டியாக விளக்கு வேண்டா. நான்காவது, தூண்டிலிடுவோரையும் வலைவீசுவோரையும் அழகைக் கெடுப்பவர் என்று அகற்றலாகாது. அவர்களே அப்பாலத்தின் பழைய மாணவர்; வாவியின் குணம் அறிந்தவர்களும் அவர்களே. ஐந்தாவது, பூரணை இரவுகளிலேனும் பழைய பாலத்தில் எவ்வித இயந்திர வண்டியும் ஏறாதிருத்தல் வேண்டும். கடைகள் வேண்டுமாயின் கரையில் இருக்கட்டும். பாலத்திற் செவிக்கு இடம் விடுக.

இவற்றுள் எதுவும் பெரும்பணம் வேண்டுவதன்று. ஆள்வோரின் கவனம் ஒன்றே வேண்டும். அதனைப் பெறுதல் பணம் பெறுவதினும் அரிது என்பதையும் அறிவேன். சில ஆண்டுகளுக்கு முன்னர், வேறொரு சிறு நகரத்துப் பாலத்தில் நடப்போருக்கு ஒரு வாங்கு போடவேண்டும் என்று அலுவலகம் ஒன்றிற் கேட்டேன். “பாலத்தில் வாங்கா? போக்குவரத்துக்கு இடையூறு” என்று விண்ணப்பம் திரும்பிவந்தது. லொறிச் சாரதியின் குரல் கோப்பிலிருந்தும் கேட்டது.

நம் கல்லூரியின் பழைய மாணவருட் பொறியியலாளர் பலர். நகரசபைகளிலும் திணைக்களங்களிலும் பதவி வகித்தோர் பலர். கடல்கடந்து பொருளீட்டி ஊருக்கு உதவுவோரும் பலர். அவர்களை ஒன்று கேட்பேன். மண்டபத்துக்குப் பெயர் பொறிக்கப் பணம் தரும் நீங்கள், உங்கள் ஊர் வழியில் ஒரு நிழலுக்கும் ஓர் இருக்கைக்கும் பணம் தரலாகாதா? தெருமூடிமடத்திற் படுத்து எழுந்துபோன வழிப்போக்கன் அதைக் கட்டியவரின் பெயரைக் கேட்டிருக்கமாட்டான். ஆனால் வாழ்த்தாமற் போயிருக்கமாட்டான். பாலம் வரையும் பொறியியலாளர், வாகனத்தின் எண்ணிக்கையைக் குறிக்கும் தாளிலேயே நிற்பவருக்கென ஒரு வரியையும் சேர்ப்பாராக. வரைபடத்தில் ஓர் அரைவட்டம் கீறுதற்கு எவ்வளவு மை செலவாகும்?

இன்று கல்லூரியிற் பயிலும் தம்பிமாருக்கும் ஒரு வார்த்தை. மட்டக்களப்புக்குச் செல்வீராயின், புதிய பாலத்தில் விரைந்து கடந்துவிடாதீர்கள். இறங்கிப் பழைய பாலத்துக்கு நடந்துசென்று, கைத்தொலைபேசியைச் சற்றே அணைத்துவிட்டு, நடுவில் நில்லுங்கள். அன்று எம் ஆசிரியர் எமக்குக் கேட்பிக்க விரும்பிய ஒலியை, லொறி வந்தமையால், யான் இன்றுவரை முழுமையாகக் கேட்டேனல்லேன். நீங்களேனும் கேளுங்கள். எவரேனும் வந்து “இது நிக்கிற இடமில்லை” என்று சொல்வாராயின், நிற்கும் இடந்தான் என்று பணிவோடு மறுமொழி கூறுங்கள்.